பாத் ஆஃப் எக்ஸைலில் சொந்தமாக ஒரு பில்ட் கட்டப் பழகுவது எப்படி

பாத் ஆஃப் எக்ஸைலில் பாஸிவ் ட்ரீயை, அதாவது புள்ளி வைத்துக் கேரக்டரைப் பலப்படுத்தும் வரைபடத்தை, முதல் தடவை திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் திகைப்பு நன்றாகத் தெரியும். 1,300-க்கும் மேற்பட்ட நோடுகள், நாலா பக்கமும் ஓடும் கோடுகள், எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆள் இல்லை. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-ல் வெளியிட்ட கேம் இது. இலவசமாக விளையாடலாம், ஆனால் புரிந்துகொள்ளக் கொடுக்க வேண்டிய நேரம் அதிகம். அதனால் பெரும்பாலோர் யாராவது போட்ட பில்ட் (கேரக்டரின் ஸ்கில், புள்ளி, பொருள் எல்லாம் சேர்ந்த அமைப்பு) கைடை எடுத்து, அதில் உள்ளபடியே புள்ளி வைத்துக்கொண்டு போகிறார்கள். அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சிக்கல் எப்போது வருகிறதென்றால், கைடில் சொன்ன கவசம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை, அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று தெரியவில்லை என்ற நிலை வரும்போதுதான். அங்கேதான் நிறையப் பேர் கேமை விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்ட என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எதையும் தொடங்கும் முன் ஒரு விஷயம். ட்ரீயை முழுதாகப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு லெவலுக்கு ஒரு புள்ளி, குவெஸ்ட்களில் இன்னும் இருபது சொச்சம், ஆக லெவல் 90-ல் உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 110 புள்ளிகள்தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் நோடுகள் உங்களுக்கானவை அல்ல என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

முதலில் ஸ்கில், அப்புறம்தான் கிளாஸ்

புதிதாக வருபவர்கள் கிளாஸைத் தேர்வு செய்துவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். மரோடர் என்றால் கோடரி, விட்ச் என்றால் மந்திரம் என்று. ஆனால் இந்த கேமில் எந்த கிளாஸும் எந்த ஸ்கில்லையும் பயன்படுத்தலாம். கிளாஸ் தீர்மானிப்பது ட்ரீயில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த அசெண்டன்சி (கிளாஸுக்கே உரிய சிறப்புப் பிரிவு) கிடைக்கும் என்ற இரண்டைத்தான். மரோடர் வலிமைப் பக்கம், ரேஞ்சர் சுறுசுறுப்புப் பக்கம், விட்ச் அறிவுப் பக்கம், இவர்களுக்கு இடையே டூயலிஸ்ட், டெம்ப்ளர், ஷேடோ, நட்டநடுவில் சயான். அசெண்டன்சிக்கு லேபிரிந்த் என்ற பொறிகள் நிறைந்த பகுதியில் அதன் பாஸ் இஸாரோவை நான்கு கட்டமாக வெல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 8. இந்த எட்டும் ட்ரீயின் சாதாரணப் புள்ளிகளைவிடப் பல மடங்கு பலமானவை என்பதால் லேபிரிந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, ஸ்கில்லைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஸ்கில்லின் டேமேஜ் எங்கிருந்து பிறக்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

லைட்னிங் ஆரோ போன்ற அட்டாக் ஸ்கில் என்றால் டேமேஜ் வில்லிலிருந்து வருகிறது. வில் பழையதாக இருந்தால் ட்ரீயில் எத்தனை புள்ளி வைத்தாலும் பலன் குறைவு, ஆகவே கையில் காசு சேர்ந்ததும் முதலில் மாற்ற வேண்டியது வில்தான். ஆர்க் போன்ற ஸ்பெல் என்றால் ஸ்கில்லைத் தரும் ஜெம்மின் லெவலிலிருந்து வருகிறது, கையில் இருக்கும் வாளின் அடியை அது சட்டைசெய்யாது. ஸாம்பிகளை எழுப்பிச் சண்டை போட வைக்கிறீர்கள் என்றால் அடிப்பது நீங்கள் அல்ல, ஸாம்பிகள். ஆகவே "டேமேஜ் கூடும்" என்று பொதுவாக எழுதியிருக்கும் நோடு உங்களுக்கு மட்டும்தான் கூட்டும், ஸாம்பிகளுக்குப் போய்ச் சேராது. உங்களுக்காகச் சண்டை போடுபவர்களைக் குறிக்கும் "மினியன்" என்ற சொல் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் இருபது முப்பது புள்ளிகளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரைச்சஸ் ஃபயர் எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் அது எல்லா வழக்கத்தையும் மாற்றுகிறது. உங்களைச் சுற்றி ஒரு நெருப்பு வளையம், பக்கத்தில் வருபவர்களை எரிக்கும், உங்களையும் சேர்த்து எரிக்கும். அதன் டேமேஜ் உங்கள் லைஃபிலிருந்தும் அதற்கு மேல் பாதுகாப்பாக இருக்கும் எனர்ஜி ஷீல்டிலிருந்தும் பிறக்கிறது, ஆகவே லைஃப் நோடு எடுத்தால் அது தற்காப்பும் ஆகிறது, தாக்குதலும் ஆகிறது. ஜெம்மில் "ஸ்பெல்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஸ்பெல் டேமேஜ் நோடுகளை எடுத்தால் அந்த எரிப்பு கொஞ்சமும் கூடாது, ஏனென்றால் ஸ்பெல் டேமேஜ் என்பது ஸ்பெல் நேரடியாக அடிக்கும் அடிக்கு மட்டும்தான், நேரம் செல்லச் செல்ல எரிப்பதற்கு அல்ல. எரிப்பதால் கிரிட்டிக்கலும் (எப்போதாவது விழும் கூடுதல் பலமான அடி) கிடையாது, காஸ்ட் ஸ்பீடும் உதவாது. ஆக ட்ரீயில் கண்ணைக் கவரும் முக்கால்வாசி நோடுகளை இந்த பில்டுக்காரர் பார்க்கவே வேண்டாம். நெருப்பு, எரித்தல், ஏரியா, டேமேஜ் ஓவர் டைம், லைஃப், இவை போதும். பாதை தானாகத் தெரிகிறது.

உங்கள் ஸ்கில்லுக்கும் இதைச் செய்து பாருங்கள். ஜெம்மின் மேல் மௌஸை வைத்து, அதன் வகைகளைச் சொல்லும் டேக் வரிசையைப் படித்து, ஒரு தாளில் எழுதுங்கள். எது கூட்டும், எது கூட்டாது என்று இரண்டு பத்தி. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ட்ரீயைத் திறந்தால் முதல் நாள் இருந்த பயம் இருக்காது.

கூட்டலும் பெருக்கலும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கேமில் "இன்க்ரீஸ்ட்" என்று ஒரு சொல், "மோர்" என்று இன்னொரு சொல். சாதாரண ஆங்கிலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இங்கே வேறு வேறு. இன்க்ரீஸ்ட் எல்லாம் ஒரே உண்டியலில் விழுந்து கூட்டப்படும். ஒவ்வொரு மோரும் தனித்தனியாகப் பெருக்கும்.

கணக்காகப் பார்ப்போம். அடிப்படை டேமேஜ் 100. ட்ரீயிலும் பொருள்களிலும் சேர்த்து 200% இன்க்ரீஸ்ட் இருக்கிறது, ஆக 300. இப்போது ஐந்து நோடு எடுத்து இன்னும் 50% இன்க்ரீஸ்ட் சேர்க்கிறீர்கள். 250% ஆனது, டேமேஜ் 350. ஐந்து புள்ளி செலவழித்துக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு உயர்வு. அதே இடத்தில் 50% மோர் தரும் ஒரு சப்போர்ட் ஜெம்மை (ஸ்கில் ஜெம்மோடு இணைத்து அதைப் பலப்படுத்துவது) மாட்டினால் 300 நேராக 450 ஆகிவிடும். சப்போர்ட் ஜெம்களுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதும், உடம்புக் கவசத்தில் ஆறு சாக்கெட்டுகளும் ஒன்றோடொன்று இணைந்த சிக்ஸ் லிங்குக்காக மக்கள் இவ்வளவு அலைவதும் இதனால்தான்.

ஆனால் இதிலிருந்து "இன்க்ரீஸ்ட் மோசம், மோர் நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லெவல் 10-ல் உங்களிடம் இன்க்ரீஸ்ட் எதுவுமே இல்லாதபோது அதே 50% கிடைத்தால் 100 என்பது 150 ஆகும், அப்போது அது மோருக்குச் சமம். உண்டியல் நிறைய நிறையத்தான் மேலே போடும் காசுக்கு மதிப்புக் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு முறை புள்ளி வைக்கும்போதும் கேட்க வேண்டியது, என் பில்டில் எந்த உண்டியல் இன்னும் காலியாக இருக்கிறது என்பதுதான். டேமேஜ் என்பது அடிப்படை அடி, இன்க்ரீஸ்ட், மோர், வேகம், கிரிட்டிக்கல், எதிரியின் ரெசிஸ்டன்ஸை (அடியைத் தடுக்கும் சதவீதம்) குறைத்தல் எனப் பல எண்களைப் பெருக்கி வருவது. பெருக்கலில் மிகச் சின்னதாக இருக்கும் எண்ணை உயர்த்துவதுதான் லாபம்.

கிரிட்டிக்கலில் இது நன்றாகத் தெரியும். அடிப்படை வாய்ப்பு 6% என்று வைத்துக்கொள்ளுங்கள், 200% இன்க்ரீஸ்ட் எடுத்தாலும் 18%தான் ஆகும். கிரிட்டிக்கல் விழுந்தால் அடி ஒன்றரை மடங்கு, ஆக சராசரி உயர்வு வெறும் 9%. இந்த நிலையில் கிரிட்டிக்கல் மல்ட்டிப்ளையரை 30% உயர்த்தும் நோடு எடுத்தால் சுமார் 5% தான் கூடும். அதே நோடை, வாய்ப்பு 60%-க்கு வந்த பிறகு எடுத்தால் கிட்டத்தட்ட 14% கூடும். பாதி கிரிட்டிக்கல் பில்ட் என்று ஒன்று ஏன் எப்போதும் தடுமாறுகிறது என்பதற்கு இதுவே காரணம். போனால் முழுதாகப் போக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. முதல் கேரக்டருக்கு நான் கிரிட்டிக்கலைச் சொல்லவே மாட்டேன்.

சாகாமல் இருப்பது

டேமேஜைப் பற்றி எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் புதியவர்களின் பில்ட் உடைவது பெரும்பாலும் தற்காப்பில்தான்.

நெருப்பு, குளிர், மின்னல் மூன்றுக்கும் ரெசிஸ்டன்ஸ் உச்சவரம்பு 75%. இதைச் சதவீதமாகப் பார்க்காமல் மிச்சமாகப் பாருங்கள். 4,000 நெருப்பு அடி வருகிறது. 75% இருந்தால் உங்கள் மேல் விழுவது 1,000. 60% இருந்தால் 1,600. வெறும் பதினைந்துதானே குறைவு என்று தோன்றும், விழும் அடியோ அறுபது சதவீதம் அதிகம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கதையின் ஐந்தாம் பகுதியான ஐந்தாம் ஆக்ட் முடிவில் பாஸ் கிடாவாவை வென்றதும் எல்லா ரெசிஸ்டன்ஸிலிருந்தும் 30 கழிந்துவிடும், பத்தாம் ஆக்ட் முடிவில் இன்னொரு 30. என் முதல் கேரக்டர் ரேஞ்சர், ஐந்தாம் ஆக்ட் வரை மிகச் சுலபமாக ஓடியது. ஆறாம் ஆக்டில் காலடி வைத்ததிலிருந்து தொடர்ந்து சாவு. எதிரிகள் திடீரென்று பலமாகிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் டேமேஜ் நோடுகளை எடுத்துக்கொண்டே போனேன், நிலைமை இன்னும் மோசமானது. உண்மையில் என் 75 என்பது 45 ஆகியிருந்தது. அதே 4,000 அடி இப்போது 1,000 அல்ல, 2,200. கேரக்டர் ஷீட்டைத் திறந்து ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆக கடைசியில் ஒவ்வொன்றிலும் உங்களுக்கு வேண்டியது 75 கூட்டல் 60, அதாவது 135. மூன்றுக்கும் சேர்த்து 405. தலை, உடல், கை, கால், பெல்ட், இரண்டு மோதிரம், ஒரு அமுலெட் என எட்டுப் பொருள்களில் பங்கிட்டால் ஒன்றுக்கு 50 சொச்சம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் யூனிக் பொருள்களை (குணங்கள் முன்பே நிர்ணயிக்கப்பட்டவை) பார்க்க வேண்டும். ரெசிஸ்டன்ஸே இல்லாத யூனிக் கவசம் ஒன்றைப் போட்டால் அதன் ஐம்பதை மற்ற ஏழும் சுமக்க வேண்டும். இரண்டு போட்டால் கஷ்டம், மூன்று போட்டால் மற்றவை எல்லாம் மிக உயர்ந்த தரத்தில் இருந்தாக வேண்டும். கைடில் ஐந்து யூனிக் போட்டிருக்கிறாரே என்றால், அவருடைய மோதிரங்களின் விலையையும் போய்ப் பாருங்கள்.

பொருள் வாங்கும்போது இன்னொன்று உதவும். ரேர் பொருளில் (குணங்கள் தற்செயலாக அமைபவை) குணங்களுக்கு அதிகபட்சம் மூன்று ப்ரீஃபிக்ஸ் இடம், மூன்று சஃபிக்ஸ் இடம். லைஃப் வருவது ப்ரீஃபிக்ஸில், ரெசிஸ்டன்ஸ் வருவது சஃபிக்ஸில். ஒரு மோதிரத்தில் நல்ல லைஃபும் இரண்டு ரெசிஸ்டன்ஸும் இருந்து ஒரு சஃபிக்ஸ் காலியாக இருந்தால், மூன்றாவதை உங்கள் சொந்த இருப்பிடமான ஹைட்அவுட்டில் இருக்கும் கிராஃப்டிங் பெஞ்சில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். முழுதாக நிறைந்த மோதிரத்தைவிட இப்படி ஒரு இடம் காலியான மோதிரம் மலிவாகக் கிடைக்கும், உங்களுக்குக் குறைகிற ரெசிஸ்டன்ஸையும் சரியாக அடைக்கலாம்.

ஆர்மரைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கேரக்டர் ஷீட்டில் காட்டும் சதவீதத்தை நம்பி "எனக்கு 60% குறையும்" என்று நினைக்கிறார்கள். ஆர்மர் பிசிகல் அடியின் (நெருப்பு, குளிர் போன்றவை அல்லாத அடி) அளவைப் பொறுத்தது: ஆர்மரை, ஆர்மரும் அடியின் ஐந்து மடங்கும் சேர்ந்த தொகையால் வகுத்தால் எவ்வளவு குறையும் என்று தெரியும். 10,000 ஆர்மர் இருந்து 1,000 அடி விழுந்தால் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகும். அதே ஆர்மருக்கு 10,000 அடி விழுந்தால் குறைவது சுமார் 17%. சில்லறை அடிக்கு அருமையான கவசம், பாஸ் ஓங்கி ஒரே அடி அடிக்கும்போது மட்டும் கைவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒன்றை மட்டும் உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், ஆர்மர் கொஞ்சம், லைஃப், ரீகவரி (இழந்த லைஃப் திரும்ப நிரம்புவது), ஸ்பெல்லுக்கு வேறொரு ஏற்பாடு என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள்.

ரைச்சஸ் ஃபயருக்குத் திரும்பி வருகிறேன், ரெசிஸ்டன்ஸின் கடைசிச் சில புள்ளிகளுக்கு என்ன மதிப்பு என்பதை அதைவிட அழகாக எதுவும் காட்டாது. அந்த நெருப்பு ஒரு நொடிக்கு உங்கள் முழு லைஃபில் 90% அளவுக்கு உங்களையே எரிக்கும். நெருப்பு ரெசிஸ்டன்ஸ் 75% என்றால் மிச்சம் 22.5%, அதை ஈடுகட்ட நொடிக்கு அவ்வளவு லைஃப் ரீஜென் (தானாக நிரம்புவது) வேண்டும், அது பெரிய பாரம். உச்சவரம்பையே உயர்த்தும் நோடுகளையும் பொருள்களையும் சேர்த்து 85%-க்குக் கொண்டுபோனால் 13.5% போதும். யாராலும் தாண்ட முடியாத கடைசி எல்லையான 90%-ஐத் தொட்டால் வெறும் 9%. மேலே ஏற ஏற ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியைவிடக் கனமாகிறது. இன்க்ரீஸ்ட் டேமேஜில் நடப்பதற்கு இது நேர் எதிர், இரண்டையும் ஒரே கேரக்டரில் பார்க்கும்போதுதான் எனக்கு இந்த கேமின் மேல் உண்மையான பிரியம் வந்தது.

பாத் ஆஃப் பில்டிங்கில் பிரித்துப் பார்ப்பது

பாத் ஆஃப் பில்டிங் ஒரு பில்டைக் கணக்கிட்டுப் பார்க்க உதவும் இலவச மென்பொருள், ரசிகர்களே பராமரிப்பது. இது இல்லாமலும் விளையாடலாம், பில்ட் கட்டக் கற்றுக்கொள்வது மட்டும் கடினம்.

இதில் முதல் வேலையாகப் புதுப் பில்ட் எதையும் வரையாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவரின் பில்ட் கோடை இம்போர்ட் செய்து, அதை உடைத்துப் பாருங்கள். ஒரு சப்போர்ட் ஜெம்மை அணைத்து டிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு டேமேஜ்) எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், மறுபடி போட்டுவிட்டு அடுத்ததை அணையுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். தூரத்தில் தனியாக நாலு புள்ளி செலவழித்துப் போய் எடுத்திருக்கும் நோடை நீக்குங்கள், எது சிவப்பாக மாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே "இது போனால் இவ்வளவு குறையும்" என்று மனதில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் உங்கள் யூகம் எங்கேயோ இருக்கும். ஒரு வாரத்தில் நெருங்கி வரும். பத்து கைடு படிப்பதைவிட இந்த ஒரு பழக்கம் அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கான்ஃபிகரேஷன் பக்கத்தை மறக்காமல் பாருங்கள். எதிரி பாஸா இல்லையா, அவன் மேல் ஷாக் (அவன் வாங்கும் அடியைக் கூட்டும் பாதிப்பு) இருக்கிறதா, நீங்கள் முழு லைஃபில் இருக்கிறீர்களா, ஃபிளாஸ்க் (குடிக்கும் மருந்துக் குப்பி) எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று வரிசையாக டிக் பெட்டிகள். எல்லாவற்றையும் டிக் செய்தால் எந்த பில்டும் பிரமாதமாகத் தெரியும். கோடிக்கணக்கில் டிபிஎஸ் காட்டும் பில்டைப் பார்த்தால், பாஸோடு நேருக்கு நேர் நிற்கும்போது உண்மையிலேயே இருக்கக்கூடியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்துப் பாருங்கள். பில்டின் உண்மையான அளவு அதுதான். டிபிஎஸ்ஸோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வகையிலும் அதிகபட்சம் எவ்வளவு பெரிய அடியைத் தாங்குவீர்கள் என்று காட்டும் எண்களையும் படியுங்கள். அதில் மிகச் சிறியது எதுவோ, உங்களைக் கொல்லப் போவது அதுதான்.

இதிலேயே நோடுகளின் பலத்தை நிறமாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆரம்பத்தில் பயன்படுத்தாமல், நீங்களே ஐந்து நோடு தேர்ந்தெடுத்த பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கையால் செய்து பழகுவது

கற்றுக்கொள்ளத் தனியாக ஒரு கேரக்டர் வைத்துக்கொள்ளுங்கள். புது லீக் சில மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது, அதில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் அதுவே நல்ல நேரம். முதல் ஆக்டில் கண்டதைப் போட்டு விளையாடுங்கள், கிடைக்கிற ஸ்கில்லை எல்லாம் தொட்டுப் பாருங்கள். அந்த ஆக்டின் பாஸ் மெர்வெயிலிடம் போகும் முன் மட்டும் குளிர் ரெசிஸ்டன்ஸ் தரும் ஒரு சஃபையர் மோதிரம் மாட்டிக்கொள்ளுங்கள், அவள் அடிப்பது குளிரால். பாஸ் எதனால் அடிக்கிறான் என்று பார்த்துப் பொருளை மாற்றும் பழக்கம் அங்கேயே வந்துவிடும்.

மூன்றாம் ஆக்டுக்குள் ஒரு ஸ்கில்லில் நிலைத்துவிடுங்கள். தவறான நோடு எடுத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், குவெஸ்ட்கள் சில ரீஃபண்ட் புள்ளிகள் தரும், ஆர்ப் ஆஃப் ரிக்ரெட் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைத் திருப்பித் தரும். ஆனால் ஐம்பது புள்ளியைத் திருப்ப வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள். பத்து லெவலுக்கு ஒருமுறை நின்று, உங்கள் கேரக்டரை பாத் ஆஃப் பில்டிங்கில் இம்போர்ட் செய்து ஒரு பார்வை பாருங்கள்.

புள்ளிகளை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால், ஆக்ட்களில் நான் டேமேஜுக்கு ஒரு கொத்து எடுத்தால் லைஃபுக்கு ஒரு கொத்து எடுப்பேன். வழி நோடுகளை எண்ணுங்கள். ஒரு பெரிய நோடு 40% தருகிறது, ஆனால் அங்கே போக நாலு வெறும் நோடு என்றால், அது உண்மையில் ஐந்து புள்ளிக்கு 40%, புள்ளிக்கு எட்டு. பக்கத்திலேயே புள்ளிக்குப் பன்னிரண்டு தரும் சின்னக் கொத்து இருக்கலாம்.

ஆரா (போட்டதும் தொடர்ந்து பலன் தரும் ஸ்கில்) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிடர்மினேஷன், கிரேஸ், ஹேட்ரட் ஒவ்வொன்றும் ஸ்கில்லுக்குச் செலவாகும் மானாவில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு போட்டால் ஸ்கில்லை அழுத்த மானாவே இருக்காது. இந்தப் பிடிப்பைக் குறைக்கும் ரிசர்வேஷன் எஃபிஷியன்சி நோடுகள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன என்பது இப்போது புரியும். சப்போர்ட் ஜெம் ஒவ்வொன்றும் ஸ்கில்லின் மானா செலவை ஏற்றுகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பத்தாம் ஆக்ட் முடிந்து மேப்களுக்கு (கதைக்குப் பிந்தைய பகுதிகள்) வந்த பிறகு ஒவ்வொரு சாவுக்கும் அந்த லெவலின் அனுபவத்தில் 10% போய்விடும். எதனால் செத்தீர்கள் என்று பாத் ஆஃப் எக்ஸைல் காட்டாது. ஆகவே கடைசி முப்பது நொடியைப் பதிவு செய்து வைக்கும் ஸ்க்ரீன் ரெக்கார்டர் ஒன்றை ஓட விடுங்கள். செத்ததும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழு லைஃபிலிருந்து ஒரே அடியில் பூஜ்யமா? அப்படியென்றால் லைஃபும் ரெசிஸ்டன்ஸும் போதவில்லை. மூன்று நான்கு நொடியில் கரைந்ததா? ரீகவரி போதவில்லை, அல்லது விஷத்துக்கும் ரத்தக்கசிவுக்கும் ஃபிளாஸ்க்கில் மருந்து இல்லை. பச்சை, ஊதா நிறத்தில் எதிலோ நின்றுகொண்டிருந்தீர்களா? அந்த மூன்றிலும் சேராத இன்னொரு வகையான கேயாஸ் அடிக்குரிய ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள், அதையும் அந்த 60 கழித்திருக்கும். மைனஸில் கிடக்கிறது என்றால் அடுத்து வாங்கும் பூட்ஸிலும் பெல்ட்டிலும் அதற்குத்தான் முதலிடம்.

பாத் ஆஃப் எக்ஸைல் 2, 2024 டிசம்பர் 6 அன்று ஏர்லி ஆக்ஸஸில் வந்தது. அதற்கு இந்த எண்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே சப்போர்ட் ஜெம்கள் கவசத்தில் இல்லை, ஸ்கில் ஜெம்மிலேயே மாட்டப்படுகின்றன, சமநிலையும் வேறு. டேமேஜ் எங்கிருந்து பிறக்கிறது, எந்த உண்டியல் காலி, எந்த அடி என்னைக் கொல்லும் என்ற மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துப் போங்கள், முதல் கேரக்டரிலேயே வித்தியாசம் தெரியும்.